தொட்டியில் கலந்த பால்

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு கொரின் கறவைக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, பக்கத்து அறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடெட் அவளுக்கு முன்பே எழுந்து வந்து, குட்டிகளுக்குப் பாலூட்டும் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமையிலிருந்து அவளுக்கு அந்த வேலை மட்டும்தான்.

"இனிமே கறவைப் பக்கம் நீ வர வேணாம். புட்டி கழுவு, போதும்" என்று லூக் சொல்லிவிட்டான். லூக் ஓடெட்டின் அண்ணன். கொரினின் கணவன்.

நடந்தது இதுதான். டுல்சி என்கிற ஆட்டுக்கு மடிவீக்கம் வந்து, செவ்வாய்க்கிழமை ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்ட ஆட்டின் பால் ஆறு நாளைக்கு ஆகாது. பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டிவிடுவார்கள். பட்டை இருந்தால் தனி வாளி, இல்லாவிட்டால் எல்லா ஆட்டுப் பாலும் சேரும் தொட்டி. பண்ணையில் இருக்கிற நாற்பத்திரண்டு ஆடுகளும் ஒரே வெள்ளை. பட்டையை விட்டால் வேறு அடையாளம் கிடையாது. புதன்கிழமை மாலை கறந்தவள் ஓடெட். வியாழன் காலை சீஸ் போடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தால், தொட்டிப் பால் முழுவதிலும் மருந்து. இரண்டு நாள் பாலை எருக்குழியில் கொட்டினார்கள்.

"அது கால்ல பட்டை இல்ல லூக். சத்தியமா இல்ல" என்றாள் ஓடெட்.

"இல்லாம எங்க போச்சு? ஆடே அவுத்து மடிச்சு வெச்சுதா?"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். குடியை விட்டு இரண்டு வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. அன்றைக்கு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சமையலறையில் இருந்த எல்லோர் மனதிலும் அது ஓடியது, ஓடெட்டின் மனதிலும்தான்.

பட்டை எங்கே போனது என்று கொரினுக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானம், கால் வீங்கிப் பட்டை இறுக்குகிறதே என்று அவள்தான் கத்தியால் அறுத்தாள். வேறொன்று எடுக்கத் திரும்பியபோது அடுத்த கொட்டிலில் ஒரு ஆடு ஈன முடியாமல் அலறியது. குட்டியின் தலை பின்னால் மடங்கிக் கிடந்தது. கையை விட்டுத் தலையைத் திருப்பி, வெளியே இழுத்து, மூக்கைத் துடைத்து மூச்சு வர வைப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அறுத்த பட்டை கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது.

வியாழன் காலையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் லூக் தங்கையின் பக்கம் திரும்பிவிட்டான். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்தது அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷம் கடந்த பிறகு, ஒவ்வொரு மணி நேரமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இன்று நான்காம் நாள்.

டுல்சி கறவை மேடையில் ஏறித் தீவனத்தில் முகத்தைப் புதைத்தது. கொரின் அதன் பாலைத் தனி வாளியில் கறந்தாள். ஓடெட் புட்டிக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"பதினேழாம் நம்பர் குட்டிக்குக் கழிச்சல் கொரின். பால்ல பாதி தண்ணி கலந்து குடுக்கட்டுமா?"

"இதையெல்லாம் என்கிட்ட கேக்கணுமா? நீயே பாத்துக்கோயேன்."

"இல்ல, நீ ஒரு வார்த்தை சொல்லிடு. அப்புறம் எந்தப் பேச்சும் வர வேணாம்."

"கலந்து குடு" என்றாள் கொரின், ஆட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே.

காலைச் சாப்பாட்டின்போது கொரினின் மகள் நோயெமி, வழக்கம்போல் அத்தை பக்கத்தில் உட்காராமல், எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நோயெமிக்குப் பதினைந்து வயது. காட்டுப் பூண்டுத் தழை போட்டுத் தன் கையால் முதன்முதலாகப் போடும் சீஸை இன்றைக்கு விற்பனை மேஜையில் வைக்க வேண்டும் என்று மார்ச் மாதத்திலிருந்தே திட்டம் போட்டிருந்தாள். பனி உருகியதும் ஓடை ஓரத்தில் போய்த் தழையைப் பறித்து வந்ததும் அவளும் அத்தையும்தான். அதற்கான பாலும் அந்த எருக்குழியில்தான் போனது.

"அத்தை பக்கம் அந்த மேப்பிள் பாகைத் தள்ளு" என்றாள் கொரின்.

"கை நீட்டினா எட்டும்."

ஓடெட் கையை நீட்டி எடுத்துக்கொண்டாள். லூக் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். கொரினுக்கு மகளை அதட்ட வேண்டும் என்று தோன்றியது. எந்த முகத்தோடு அதட்டுவது?

*

ஏப்ரல் கடைசி ஞாயிறு குட்டி பார்க்கிற நாள். சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கொட்டகையின் வடக்குப் பக்கம் இன்னும் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. தெற்குப் பக்கம் புல் துளிர்த்துவிட்டது. பாதை முழுக்கச் சேறு. பத்தரை மணிக்குள் மூன்று கார்கள் புதைந்துவிட்டன. லூக் டிராக்டரோடு வயலில் நின்று, ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தான்.

மேஜையில் பழைய சீஸ் மட்டும் இருந்தது. 'இந்த வாரம் புது சீஸ் இல்லை' என்று நோயெமி அட்டையில் எழுதி வைத்திருந்தாள். எழுத்து பெரியதாக, கோபமாக இருந்தது.

"என்னாச்சு?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"பால்ல ஒரு சின்னப் பிரச்சினை" என்றாள் கொரின், ஏழாவது தடவையாக.

பக்கத்துப் பண்ணையில் முட்டை விற்கிற பெவர்லி குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்மா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவளை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிக்கிறியோ!"

"அப்படியெல்லாம் இல்ல பெவர்லி."

"நீ விட்டுக் குடுக்க மாட்ட. உன் மனசு அப்படி."

கொரினுக்கு முகம் சுட்டது. வெயிலாக இருக்கும் என்பது போலத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

குட்டிக் கொட்டிலில் ஓடெட்டைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். குட்டியை மடியில் எப்படி வைத்துக்கொள்வது, புட்டியை எவ்வளவு சாய்ப்பது என்று அவள் காட்டிக்கொண்டிருந்தாள். குட்டிகள் சட்டைப் பொத்தான்களைச் சப்பின. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். இந்த நான்கு நாளில் ஓடெட் சிரித்து கொரின் பார்த்தது அப்போதுதான்.

மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண்ணின் மடியில் ஓடெட் ஒரு குட்டியை வைக்கப் போனாள். அந்தக் குழந்தையின் அம்மா ஷெல்பி என்பவள், சட்டென்று மகளைத் தூக்கிக்கொண்டாள்.

"பரவால்லங்க. வேற யாராச்சும் குடுப்பாங்க."

"இது சாதுவான குட்டிங்க. கடிக்காது" என்றாள் ஓடெட், புரியாமல்.

"குட்டியைச் சொல்லல." ஷெல்பிக்கு முகம் சிவந்துபோனது. ஆனாலும் நிறுத்தவில்லை. "குடிச்சுட்டுப் பால் கறந்தீங்கன்னு சொன்னாங்க. நான் குழந்தையை வெச்சுக்கிட்டு இருக்கேன். தப்பா நினைக்காதீங்க."

 ஓடெட் குட்டியை மெல்ல வைக்கோலில் இறக்கிவிட்டாள். கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். "நோயெமி, இங்க வந்து பாத்துக்கறியா?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

வேலிக்கு இந்தப் பக்கம், ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள் கொரின். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் அவள் வயலைப் பார்த்து நடந்தாள்.

*

"லூக், ஒரு விஷயம் சொல்லணும்."

"இப்பவா? அந்த நீல வண்டி அச்சு வரைக்கும் புதைஞ்சு கிடக்கு."

"பட்டையை அறுத்தது நான்."

அவன் டிராக்டரை நிறுத்தினான். ஓடையில் தவளைகள் கத்துவது கேட்டது.

"எப்போ?"

"புதன்கிழமை மத்தியானம். கால் வீங்கியிருந்துது. மாத்தி வேற கட்ட மறந்துட்டேன்."

"வியாழக்கிழமை நான் அவமேல கத்தினப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

லூக் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ குடிச்சிருந்தான்னு ஊருக்கு யாரு சொன்னா லூக்?"

"நான் அப்படிச் சொல்லல. தீவனக் கடையில கேட்டாங்க. அவளோட பழைய கதை உங்களுக்குத் தெரியுமேன்னு மட்டும்தான்..." அவன் முடிக்கவில்லை. சேற்றைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "சரி. இன்னிக்கு வேணாம்."

"என்ன வேணாம்?"

"யார்கிட்டயும் சொல்ல வேணாம். சீஸ் மேல ஒட்டியிருக்கிறது உன் பேரு. லைசென்ஸ் உன் பேருல. கவனம் இல்லாதவன்னு உனக்குப் பேர் வந்தா எல்லாமே போச்சு. அவளுக்கு... அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் புதுசு இல்லயே."

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமல் டிராக்டரைக் கிளப்பினான்.

கொரின் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். பத்தடி நடந்த பிறகுதான், நெஞ்சுக்குள் ஏதோ லேசாகியிருப்பது தெரிந்தது. சொல்லியாகிவிட்டது, சொல்ல வேண்டியும் இல்லை என்கிற நிம்மதி. அதை உணர்ந்ததும் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. பட்டையை மறந்தபோதுகூட அவள் இவ்வளவு கேவலமாக உணரவில்லை.

தீவன அறையில் ஓடெட் மேலங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு அப்படிப் பேசினது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு" என்றாள் கொரின்.

"அவமேல என்ன தப்பு? யாரோ சொன்னதை நம்பியிருக்கா." ஓடெட் மடித்த மேலங்கியை மூட்டை மேல் வைத்தாள். "எனக்குத் தெரியும் கொரின்."

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கிழமை மழை பெய்துதே, உன் கோட்டைப் போட்டுட்டுக் குட்டிகளைப் பாக்கப் போனேன். பையில பட்டை இருந்துது. கத்தியால அறுத்தது."

கொரின் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? அண்ணன் பொண்டாட்டி கோட்டுல கையை விட்டு எடுத்தேன்னு நான் கொண்டுபோய்க் காட்டினா, நானே அறுத்து உள்ள வெச்சேன்னு சொல்லுவாங்க. குடிகாரி பேச்சுக்கு என்ன மதிப்பு?" ஓடெட்டின் குரல் உயரவே இல்லை. "அதைவிட, நீயே சொல்லிடுவேன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லுவேன்னு நினைச்சேன். நேத்து முழுக்க நினைச்சேன். காலையில புட்டி கழுவும்போதுகூட, இப்ப வந்து சொல்லுவா பாருன்னுதான் நினைச்சேன்."

"ஓடெட்..."

"இதுல மோசமானது என்ன தெரியுமா? அதைப் பாக்கறவரைக்கும் என்னை நானே நம்பல. பட்டை இருந்திருக்குமோ, என் கண்ணுக்குத்தான் தெரியலையோ, குடிச்சுக் குடிச்சு மூளை கெட்டுப்போச்சோன்னு ஒரு நாள் முழுக்க நடுங்கிக்கிட்டுக் கிடந்தேன். நான் பழைய மாதிரி ஆயிட்டு வரேனோன்னு பயந்தேன். அந்த ஒரு நாளை நீ எனக்குக் குடுத்த."

கொரின் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தாள். நேராக மேஜைக்குப் போனாள். பெவர்லி நின்றிருந்தாள், ஷெல்பி இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள், இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நோயெமி சீஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள் கொரின். குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தாள். "பால் கெட்டது என்னால. ஊசி போட்ட ஆட்டோட பட்டையை நான்தான் அறுத்தேன். ஓடெட்டுக்கு அது தெரியாது. அவ குடிக்கல. அவமேல ஒரு தப்பும் இல்ல. நாலு நாளா எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கல."

 இதோ ஏச்சு வரப்போகிறது என்று கொரின் காத்திருந்தாள். வந்தது வேறு.

"அடப் பாவமே!" என்று பெவர்லி அவள் தோளில் கை போட்டாள். "ஆடு ஈனுற சீசன்ல நீ எத்தனை நாள் ஒழுங்கா தூங்கியிருப்ப? மறதி வராம என்ன செய்யும்?"

"யாருக்கு வேணும்னாலும் ஆகும்ங்க" என்றாள் ஷெல்பி.

"சொல்றதுக்கும் ஒரு துணிச்சல் வேணுமே" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

இரண்டு பேர் பழைய சீஸ் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். கொரினுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. ஓடெட் செய்திருந்தால் அது குடி. கொரின் செய்தால் அது களைப்பு. நான்கு நாள் அவள் நடுங்கி ஒளித்து வைத்த குற்றத்தை இவர்கள் நான்கு நிமிஷத்தில் மன்னித்துவிட்டார்கள்.

"ஓடெட் மறந்திருந்தா, இதே மாதிரி சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

பெவர்லி தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நோயெமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் ஓட ஆரம்பித்தாள்.

கொட்டகை வாசலில் ஓடெட் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஷெல்பி தயங்கித் தயங்கி அவளிடம் போய் ஏதோ சொன்னாள். ஓடெட் தலையை அசைத்தாள். அது சரி என்பதா, போதும் என்பதா, தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஓடெட் சேற்றுக் காலணியைக் கழற்றிவிட்டு நல்ல காலணி போட்டுக்கொண்டு காரை நோக்கிப் போனாள். கொரின் பின்னாலேயே ஓடினாள்.

"எங்க போற?"

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நான் எங்க போவேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். டவுனில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம். பனிப்புயலிலும் போய்விட்டு வருவாள்.

கொரின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேறு எதையோ சொன்னாள். ஓடெட் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

*

மாலைக் கறவைக்கு நோயெமி கூப்பிடாமலே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த மேடையில் கறந்தாள். இரண்டு வாளிகளிலும் பால் விழுந்துகொண்டிருந்தது.

"நாலு நாளா நான் அத்தைகிட்ட முகம் குடுத்துப் பேசலம்மா" என்றாள், திரும்பாமலே. "நேத்து அவங்க என் ரூமுக்கு வந்தாங்க. புதுசா தழை பறிச்சுக்கிட்டு வந்திருந்தாங்க. நான் கதவைத் திறக்கல."

"அது உன் தப்பில்ல."

"கதவைத் திறக்காதது நான்தானே? அதையும் நீயே எடுத்துக்கப் பாக்காத."

லூக் வாசலில் வந்து நின்றிருந்தான்.  காலி வாளி ஒன்றைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி வைத்தான்.

"ஓடெட் வந்துட்டாளா?" என்று கேட்டான். "வந்தா நான் கொஞ்சம் பேசணும்."

"ஆறு மணிக்கே வந்திருக்கணும்."

ஆறே கால் ஆகியிருந்தது. அப்போது பால் அறையில் இருந்த தொலைபேசி அடித்தது. கொரின் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஓடெட் இருக்காங்களா?" வயதான பெண் குரல். "என் பேரு விவியன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காருவோம். இன்னிக்கு அவங்க வரல. செல்லையும் எடுக்க மாட்டேங்கறாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு வாரம்கூட அவங்க தவறினது இல்ல. வீட்ல எல்லாம் சரிதானே?"

கறவை நின்றுவிட்டது. நோயெமியும் லூக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரிதான் என்று சொல்ல நாக்கு தானாகப் புரண்டது. கொரின் அதை அடக்கினாள்.

"சரியில்லங்க" என்றாள். "நான் அவ அண்ணன் மனைவி. நான் செஞ்ச தப்புக்கு அவ நாலு நாளா பழி சுமந்தா. நான் தெரிஞ்சே சும்மா இருந்தேன். மூணு மணிக்கு உங்க கூட்டத்துக்குத்தான் கிளம்பினா. அவ எங்க போயிருப்பான்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. நான் இப்பவே கிளம்பறேன்."

லூக் அதற்குள் சாவியை எடுக்க வீட்டுக்கு ஓடினான்.

 விவியன் நிதானமாகக் கேட்டாள்:

"ரெண்டு மூணு இடம் இருக்கு, சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அவங்க கிளம்பறப்போ நீங்க கடைசியா என்ன சொன்னீங்க?"

கொரின் கண்ணை மூடிக்கொண்டாள். கணவனிடம் சொன்னாள். ஊரையே கூட்டி வைத்துச் சொன்னாள். ஓடெட்டிடம் மட்டும், நேருக்கு நேர், ஒரு மன்னிப்பு கேட்கவில்லை.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவியான்னு கேட்டேங்க" என்றாள்.